கோட்டுக்குக் கீழே ஒரு பெயர்

குமரவேல் அண்ணாச்சி நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போக நான் அவரைத் திட்டப்போகிறேன்.

எங்கள் ஊர் புன்னைக்காயல். ஆறு கடலோடு சேருகிற இடம். எங்கள் தெருவில் சாயங்கால ஜெபமாலையை முன்னின்று சொல்வது என் அம்மா பாக்கியம். அம்மா முதல் பாதியைச் சொல்வாள், தெரு மறுபாதியைச் சொல்லும். எல்லாம் முடிந்த பிறகு இறந்தவர்களுக்கான மன்றாட்டு. போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்களை அம்மா ஒவ்வொன்றாகச் சொல்ல, ஒவ்வொரு பெயருக்கும் மற்றவர்கள், "நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும் ஆண்டவரே" என்பார்கள். அம்மா அவசரப்படமாட்டாள். எதிர்வீட்டு டெல்பின் சித்தி எல்லாவற்றையும் இழுத்து இழுத்துத்தான் சொல்லும். சித்தியின் கடைசி எழுத்து முடிகிறவரை காத்திருந்துதான் அம்மா அடுத்த பெயருக்குப் போவாள்.

அந்தப் பெயர்களில் என் தம்பி ஜெனிஸ்டன் பெயர் கிடையாது. ஐந்து வருடத்துக்கு முன்னால் கடலில் தொழிலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. படகு கவிழ்ந்து கிடந்தது. கூடப் போன இரண்டு பேரும் கரைக்கு வந்தார்கள், பிணமாக. அவன் அப்படியும் வரவில்லை. "உடம்பு வரட்டும், பேரச் சேக்கேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். சாமியார் வந்து பேசிப் பார்த்தார். மாமாமார் வந்து பேசினார்கள். எல்லாரையும் வந்த வழியே அனுப்பினாள். அந்தத் தெருவில் அம்மாவின் குரலுக்கு மேல் ஒரு குரல் எழுந்து நான் கேட்டதில்லை.

அப்பா தொம்மை எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை. நவம்பர் மாதம் கல்லறைத் திருநாளுக்கு ஊரே தங்கள் தங்கள் கல்லறையைக் கழுவி வெள்ளையடித்துப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றும். அப்பாவும் ஒரு மெழுகுவர்த்தியோடு போவார். தாத்தா கல்லறையில் ஏற்றிவிட்டு இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அதை எங்கே வைப்பது? பெயர் சொல்லிப் பூசை வைக்காமல், சிலுவை நடாமல், மகனுக்கென்று அங்கே ஒரு சாண் மண் கிடையாது. கடைசியில் கல்லறைத் தோட்டத்து வாசல் கதவுக்குப் பக்கத்தில் மணலில் குத்தி ஏற்றிவிட்டு வருவார். கடல் காற்றில் அது அவர் திரும்புவதற்குள் அணைந்துபோகும்.

"நீங்களே சாமியார்ட்ட சொல்லிப் பேரக் குடுத்துர வேண்டியதானப்பா" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பெத்தவ வாயால வரணும் பிள்ள" என்றார். "அவ சொல்லாம நான் எப்படிச் சொல்ல. எனக்கு ஒரு எடம் வேணும், அவ்வளவுதான். எங்க போய் நிக்கணும்னு தெரியணும்லா."

இந்த வருடம் அம்மாவுக்குத் தொண்டையில் புற்று வந்தது. பாளையங்கோட்டை டாக்டர் குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார். எடுத்தால் உயிர் தங்கும், பேச்சு தங்காது. அம்மா அழவில்லை. "அப்பம் தெருவுல யாரு ஜெபம் சொல்லுவா?" என்றுதான் கேட்டாள். நான்தான் போனில் பதிவு செய்துவைக்கலாம் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம் முன்னறையில் உட்கார்ந்து அம்மா முழு ஜெபமாலையையும் சொன்னாள். தன் பாதியைச் சொல்லிவிட்டு, எதிரில் ஆள் இருப்பது போலவே, மறுபாதிக்கு இடம் விட்டுவிட்டுச் சொன்னாள். இடைவெளியில் அவள் உதடு மட்டும் அசையும். டெல்பின் சித்திக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

இறந்தவர்களின் பெயர்களுக்கு வந்தாள். தாத்தா பெயர், ஆச்சி பெயர், தெருவில் போனவர்கள் பெயர். எல்லாம் முடிந்தது என்று நான் போனை எடுக்கப் போனேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, மூச்சு மாதிரி, "ஜெனிஸ்டன்" என்றாள்.

அப்பா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்தது. அப்படியே படியில் உட்கார்ந்தார். அம்மா மறுபடியும் கொஞ்ச நேரம் இடம் விட்டு, "ஆமென்" என்று எப்போதும் போலச் சத்தமாகச் சொல்லிவிட்டுச் சமையல் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள். அம்மா தூங்கப் போனபிறகு அப்பா என்னிடம் வந்து, "அது போன்ல பத்திரமா இருக்கும்லா பிள்ள?" என்று மட்டும் கேட்டார்.

பத்திரமாகத்தான் இருந்தது, குமரவேல் அண்ணாச்சி கைக்குப் போகிறவரை. நான் பாளையங்கோட்டையில் அரசு அலுவலகத்தில் கிளார்க். என் பக்கத்து மேசை விஜயஸ்ரீயின் வீட்டுக்காரர்தான் அண்ணாச்சி. போட்டித் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஒரு கோச்சிங் சென்டருக்காக, வாத்தியார்கள் பேசிய பாடங்களைக் கம்ப்யூட்டரில் வெட்டிச் சரிசெய்து கொடுக்கிற வேலை. பதிவில் காற்றுச் சத்தமும் நாய் குரைப்பும் ஃபேன் இரைச்சலும் இருந்ததால், கொஞ்சம் சுத்தம் செய்து தரச் சொல்லலாமே என்று விஜயஸ்ரீதான் சொன்னாள். என் போனிலோ அம்மாவின் ஸ்கேனும் ரிப்போர்ட்டும் சேர்ந்து இனி ஒரு படம்கூட எடுக்க இடமில்லை. அண்ணாச்சி கேபிளைச் சொருகி எல்லாவற்றையும் தன் கம்ப்யூட்டருக்கு மாற்றி, போனைக் காலி செய்து கையில் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அண்ணாச்சி பேச ஆரம்பித்தால் நடுவில் நாம் நுழைய முடியாது. அன்றைக்கும் அப்படித்தான். "வாத்தியார்மாரு மூச்சு விடுதது, யோசிக்கது, போர்டு அழிக்கது, எல்லாத்தையும் எடுத்துப்புட்டம்னா ஒரு மணிநேரப் பாடம் பாதியாயிடும் தங்கச்சி. பிள்ளைகளுக்கு நேரம் மிச்சம். ஒவ்வொண்ணா வெட்டணும்னு இல்ல, ஒரு பட்டன்தான், அதுவே தேடித்தேடி எடுத்துரும்" என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

ஆபரேஷன் முடிந்து அம்மா ஊருக்கு வந்தாள். கழுத்தில் ஓட்டை, அதன் மேல் ஒரு லேஞ்சித் துணி. வாயசைப்பை வைத்துத்தான் என்ன சொல்கிறாள் என்று புரிந்துகொள்ள வேண்டும். வந்த அன்றே சாயங்காலம் தெரு கூடிவிட்டது. அண்ணாச்சி அனுப்பியிருந்ததை நான் ஸ்பீக்கரில் போட்டேன். அம்மாவின் குரல் வந்ததும் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காற்று இல்லை, நாய் இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது.

முதல் பாதி முடிந்து தெரு வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் குரல் அடுத்ததைத் தொடங்கிவிட்டது. தெரு விழித்தது. பிறகு வேகமாகச் சொல்லிப் பிடிக்கப் பார்த்தார்கள். டெல்பின் சித்தி இரண்டு வார்த்தை சொல்லும்போது ஸ்பீக்கர் இரண்டு ஜெபம் தாண்டியிருந்தது. பையன்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களை அதட்டிய பெண்களுக்கும் சிரிப்பு வந்தது. வாழ்நாளெல்லாம் யாருக்காகக் காத்திருந்தாளோ அவர்கள் மேலேயே ஏறி ஓடிக்கொண்டிருந்தது அம்மாவின் குரல். அம்மா 'பைய, பைய' என்று கையை ஆட்டினாள். யாரிடம் ஆட்டுகிறாள்? அவள் குரலிடம்தான்.

அப்பா சிரிக்கவில்லை, ஜெபமும் சொல்லவில்லை. கடைசிக்காகக் காத்திருந்தார். பெயர்கள் வந்தன. தாத்தா, ஆச்சி, தெருக்காரர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. கடைசிப் பெயர் முடிந்த அடுத்த நொடி, "ஆமென்."

அவ்வளவுதான். அப்பா என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஜெனிஸ்டன் இல்லை.

மறுநாள் காலையில் ஆத்தூரில் பஸ் மாறிப் பாளையங்கோட்டை போய் இறங்கினேன். வழியெல்லாம் அண்ணாச்சியை என்னென்ன கேட்கவேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். கதவைத் திறந்ததும் அவர், "சுத்தமா இருந்துச்சா தங்கச்சி? நாய் ஒண்ணு விடாமக் குலைச்சிருக்கு, அம்புட்டையும் எடுத்துட்டேன்" என்றார். அடுக்கி வைத்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நடுநடுவுல எடம் இருந்துச்சே அண்ணாச்சி, அத என்ன செஞ்சீங்க?"

"சும்மா கெடந்த எடம்தான. எடுத்துட்டேன்."

"அது நாங்க சொல்லுத எடம்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் முகம் கறுத்தது. "எனக்கு இது தெரியாமப் போச்சே" என்றார். "எங்க கோயில்ல ஓதுவார் பாடுவாரு, நாங்க கேட்டுக்கிட்டு நிப்போம். நடுவுல எங்களுக்கு வேலை கிடையாது. அந்த நெனப்புல செஞ்சிட்டேன். ஆனா இது லேசு. எடத்தத் திரும்பச் சொருகிரலாம். இப்பவே செஞ்சு தாரேன்."

"கடைசில ஒரு பேர் இருந்துச்சு. என் தம்பி பேர்."

அவர் உட்கார்ந்து திரையில் அதைப் பெரிதாக்கினார். அம்மாவின் குரல் மேலும் கீழுமாகக் கோடுகளாக நின்றது. குறுக்கே ஒரு கோட்டைக் காட்டினார். "சத்தம் இந்த அளவுக்குக் கீழ போச்சுன்னா அது பேச்சில்லன்னு எடுத்துக்கிடும். வெட்டிரும். அம்மா ரொம்பப் பையச் சொன்னாங்களோ?"

"மூச்சு மாதிரிச் சொன்னா."

"அப்பம் அது கோட்டுக்குக் கீழ போயிருக்கும்" என்றார்.

முதலில் நான் கொடுத்தது எங்கே என்று கேட்டேன். அதன் மேலேயே சேமித்திருக்கிறார். எல்லாப் பாடத்தையும் அப்படித்தான் செய்வாராம், இடம் போதாது. அழிந்ததை மீட்கிற ஏதோ ஒன்றைப் போட்டு மதியம் வரைக்கும் தேடினார். விஜயஸ்ரீ சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒன்று கிடைத்தது. திறந்தால், ஒரு வாத்தியார் இந்திய அரசியல் சட்டம் நடத்திக்கொண்டிருந்தார். அம்மா சொன்ன பெயர் இருந்த இடத்தில் அடிப்படை உரிமைகள் ஏறி உட்கார்ந்துவிட்டன. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். ஆனால் அண்ணாச்சி அதை மூடிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தேட ஆரம்பித்தார். அப்படித் தேடுகிற ஆளிடம் என்னத்தைச் சண்டை போட?

"ஒண்ணு செய்யலாம்" என்றார் பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே. "அம்மா குரல் இம்புட்டு இருக்கு. இத வச்சு, சொல்லாததையும் அதே குரல்ல சொல்ல வைக்கலாம். இப்ப அதுக்கெல்லாம் வசதி வந்திருச்சு."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் முகம்தான் கண் முன்னால் நின்றது. செய்யுங்க என்றேன். கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரிலிருந்து அம்மா, "ஜெனிஸ்டன்" என்றாள்.

அம்மாவேதான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதே கரகரப்பு, 'ஸ்'ஸை அழுத்துகிற அதே விதம். ஆனால் ஒரு பாரமும் இல்லாமல், தெளிவாக, ரேஷன் கடையில் கார்டு பெயரைக் கூப்பிடுவது போல வந்தது. பெற்ற வயிறு எரிய, ஐந்து வருடம் அடக்கி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்ன பெயர் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணாச்சி முன்னால் அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை. விஜயஸ்ரீ வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிச்சிருங்க அண்ணாச்சி" என்றேன். "அந்தப் பேர் இருந்த எடத்த மட்டும் விட்டுருங்க."

"எம்புட்டு விடட்டும்?"

கண்ணை மூடி அம்மா அன்று உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பார்த்தேன். அவர் வெற்றிடத்தை நீட்டிக்கொண்டே வந்தார். போதும் என்று தோன்றியபோது போதும் என்றேன். மற்ற எல்லா இடைவெளிகளையும் டெல்பின் சித்தியை மனதில் வைத்து, நானே மறுபாதியைச் சொல்லிச் சொல்லிக் காட்டி விடவைத்தேன். முடியும்போது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. அண்ணாச்சி பஸ் ஸ்டாண்ட் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

வீட்டு வாசலுக்கு வந்தால் மீன்குழம்பு வாசம். கொடியில் ஜெனிஸ்டனின் நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் கிடந்த சட்டை அது. அப்பா வெளியிலேயே என்னைத் தடுத்து, "காலையிலருந்து இப்படித்தான் பிள்ள. சிரிச்சிக்கிட்டே திரியுதா" என்றார்.

அம்மா குசினியிலிருந்து வந்தாள். ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் பார்க்கவில்லை. ஸ்பீக்கரைக் காட்டினாள், சுவரில் இருந்த மாதா படத்தைக் காட்டினாள், கையை விரித்தாள். வாயசைத்தாள். 'நான் சொன்னேன். அவ எடுத்துட்டா.'

அம்மாவின் கணக்கு எனக்கு விளங்கியது. அம்மா ஒரேயொரு தடவை மனம் தளர்ந்து மகனை இறந்தவர்களோடு சேர்த்தாள். தெருவில் போனவர்கள் பெயரெல்லாம் வந்தது, அந்த ஒரு பெயர் மட்டும் வரவில்லை. மாதா அதை எடுத்துவிட்டாள். அப்படியென்றால் அவன் சாகவில்லை. எங்கேயோ கரை ஒதுங்கி இருக்கிறான், வருவான்.

"யம்மா, அது கம்ப்யூட்டர் எடுத்தது" என்றேன். "நீ ரொம்பப் பையச் சொன்ன. அதுக்குக் கேக்கல. பேச்சில்லன்னு வெட்டிருச்சு."

அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தாள், ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போல. 'மாதாவுக்குக் கேட்டுருக்கு' என்று வாயசைத்தாள். பிறகு குமரவேல் அண்ணாச்சியின் பெயரைச் சொல்லத் தெரியாமல், காதில் ஹெட்போன் மாட்டுவது போலச் செய்து காட்டி, அவரை ஒரு நாள் சாப்பிடக் கூட்டிவரச் சொன்னாள்.

நான் என்ன சொல்வது? கோட்டைப் பற்றிச் சொல்வதா, அரசியல் சட்டத்தைப் பற்றிச் சொல்வதா? நிஜம் என் வாயில்தான் இருந்தது, ஆனால் அதற்கு ஒரு பலமும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அப்பா அந்த நீலச் சட்டைக்குக் கீழே நின்று, ஈரம் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவரிடம் வந்து, அந்தச் சட்டையை இஸ்திரி போட்டு வாங்கிவரச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார்.

மணி அடித்தது. தெரு வந்து உட்கார்ந்தது. நேற்றைய கூத்தை நினைத்துச் சிலர் தயங்கித் தயங்கி வந்தார்கள். நான் புதியதைப் போட்டேன். அம்மாவின் குரல் முதல் பாதியைச் சொல்லி நின்றது. தெரு மறுபாதியைச் சொன்னது. சித்தி இழுத்தது. குரல் காத்திருந்தது. எல்லாம் சரியாக அமைந்தது. அம்மா தன் குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். ஜெபமாலை முடிந்து பெயர்கள் வந்தன. தாத்தா பெயர், தெருவின் பதில். ஆச்சி பெயர், பதில். ஒவ்வொரு பெயராகப் போய்க் கடைசிப் பெயருக்கும் பதில் முடிந்தது.

பிறகு நான் விடச் சொன்ன இடம் வந்தது. ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. முடிந்துவிட்டதோ என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்மா மாதா படத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஜெனிஸ்டன்" என்றார் அப்பா.

சத்தமாகச் சொன்னார். தெருமுனை வரை கேட்டிருக்கும். ஐந்து வருடமாக மணலில் மெழுகுவர்த்தி குத்திக்கொண்டிருந்த மனிதரின் குரல் அது. பெயர் விழுந்ததும் தெரு யோசிக்கவில்லை, பழக்கம் அப்படி. "நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும்" என்று மொத்தமாகத் தொடங்கிவிட்டது. பாதியில் சிலருக்கு உறைத்து நிறுத்தினார்கள். டெல்பின் சித்தி மட்டும் கடைசி எழுத்துவரை இழுத்துச் சொல்லி முடித்தது.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். வாயைத் திறந்தாள். எத்தனை பேரை வந்த வழியே அனுப்பிய வாய். கழுத்து லேஞ்சி படபடவென்று அடித்தது. அதன் அடியில் இருந்து காற்று மட்டும் வந்தது. அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா என் பக்கம் திரும்பி, நிறுத்து, நிறுத்து என்று வாயசைத்தாள். போன் என் கையில்தான் இருந்தது. எதை நிறுத்தச் சொல்கிறாள், எதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. என் விரல் நகரவில்லை.

அதற்குள் ஸ்பீக்கரில் அம்மாவின் குரல், எப்போதும் போலச் சத்தமாக, "ஆமென்" என்றது.